ஒரு பாண்ட் பேட் அளவு இடத்தில் பத்து லட்சம் க்யூபிட்: கம்பிகளை என்ன செய்வது?

குவாண்டம் கணினியின் தகவல் அலகு க்யூபிட். சிலிக்கான் சிப்பில் அதை குவாண்டம் புள்ளி என்ற, எலக்ட்ரானை அடைத்துவைக்கும் நுண்ணிய இடத்தில் வைப்பார்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சுமார் 100 நானோமீட்டர் இடைவெளி இருக்கும். ஆயிரம் வரிசை, வரிசைக்கு ஆயிரம் புள்ளி என்று அடுக்கிப் பாருங்கள். பத்து லட்சம் க்யூபிட்டுகளும் 0.1 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தில் அடங்கிவிடும். வெளியிலிருந்து வரும் ஒரே ஒரு கம்பியை ஒட்டுவதற்கு அதே சிப்பின் ஓரத்தில் ஒரு உலோகத் திட்டு விடுவார்கள். பாண்ட் பேட் என்று பெயர். அதன் பக்கமும் கிட்டத்தட்ட அதே 0.1 மில்லிமீட்டர்தான்.

ஒரு கம்பி கேட்கும் இடத்தில் பத்து லட்சம் க்யூபிட் உட்கார்ந்துவிடுகிறது. அந்தப் பத்து லட்சத்துக்கு எத்தனை கம்பி வேண்டும்? ஒவ்வொரு புள்ளிக்கும் எலக்ட்ரானை உள்ளே பிடித்துவைக்க ஒரு கேட், அதாவது மின்னழுத்தம் கொடுக்கும் ஒரு சிறு மின்முனை, வேண்டும். நாலு பக்கமும் அண்டைப் புள்ளிகள் இருப்பதால் நாலு தடுப்பு கேட்டுகள் வேண்டும். ஒவ்வொன்றையும் இருவர் பங்கிட்டுக்கொள்வதால் புள்ளிக்கு இரண்டு என்று கணக்கு வரும். ஆக மூன்று. பத்து லட்சம் க்யூபிட்டுக்கு முப்பது லட்சம் கம்பி. எலக்ட்ரானின் ஸ்பின்னை (தகவலைச் சுமக்கும் அதன் காந்தப் பண்பு) படிக்கும் சென்சார்களுக்கும் மைக்ரோவேவ் சிக்னலுக்கும் வேண்டியவற்றை இதில் சேர்க்கவில்லை.

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள சிப்பைச் சுற்றி பேட் வைத்தால் 400 வைக்கலாம். ஓரத்தை விட்டுவிட்டு, முகம் முழுக்க 50 மைக்ரோமீட்டருக்கு ஒன்றாக சாலிடர் புள்ளி வைத்தாலும் 40,000 தான். முப்பது லட்சம் எங்கே, நாற்பதாயிரம் எங்கே!

குறைகடத்தி ஸ்பின் க்யூபிட்டின் பெரிய பெருமை அதன் சிறிய உருவம். 1998ல் டேனியல் லாஸும் டேவிட் டிவின்சென்ஸோவும் குவாண்டம் புள்ளியில் அடைத்த எலக்ட்ரானின் ஸ்பின்னைக் கொண்டு கணக்குப் போடலாம் என்றார்கள். அதே ஆண்டு புரூஸ் கேன் சிலிக்கானில் புதைத்த பாஸ்பரஸ் அணுக்களைக் கொண்டு இன்னொரு வழி சொன்னார். 2022ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், ஜப்பானின் ரிக்கென், சிட்னி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் இரு-க்யூபிட் செயல்பாட்டின் துல்லியம் 99 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்ற செய்தி வந்தது. பிழை திருத்தம் தொடங்குவதற்கு வேண்டிய வாசல் ஏறக்குறைய அதுதான். டிரான்சிஸ்டர் செய்யும் அதே ஆலையில் இதையும் செய்யலாம் என்பதை இன்டெல் 300 மில்லிமீட்டர் வேஃபர்களில் (சிப்புகளை வெட்டியெடுக்கும் சிலிக்கான் வட்டுகள்) காட்டியிருக்கிறது. க்யூபிட் இருக்கிறது, ஆலையும் இருக்கிறது. நடுவில் நிற்பது கம்பி.

இந்தத் துறையில் புதிதாக இறங்கும் குழுவோ மாணவரோ எந்த வழியில் உழைப்பைப் போடுவது என்று இன்றைக்கே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இப்போதைக்கு முன்னால் இருப்பவை நான்கு வழிகள். அவை பெரும்பாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒன்றுக்காக வரைந்த சிப் அப்படியே இன்னொன்றுக்கு உதவாது.

கம்பி போகும் பாதை

கம்பி என்று சொல்லும்போது என்ன சொல்கிறோம் என்பதை ஒருமுறை கிட்டத்தில் போய்ப் பார்த்துவிடலாம்.

அறை வெப்பநிலையில் இருக்கும் கருவியிலிருந்து ஒரு கோஆக்சியல் கேபிள் கிளம்புகிறது. க்யூபிட்டுக்கு வேண்டிய கடுங்குளிரைத் தரும் டைல்யூஷன் ஃப்ரிட்ஜின் உள்ளே தங்க முலாம் பூசிய செப்புத் தட்டுகள் மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகத் தொங்கும்: 50 கெல்வின், 4 கெல்வின், 1 கெல்வினுக்குப் பக்கத்தில் ஒன்று, 100 மில்லிகெல்வின், கடைசியில் 20 மில்லிகெல்வினுக்கும் கீழே போகும் தட்டு. கேபிள் ஒவ்வொரு தட்டிலும் இறுகக் கட்டப்பட்டுத் தன் சூட்டை அங்கே இறக்கி வைத்துவிட்டுத்தான் கீழே போக வேண்டும். மேலே செப்பு-நிக்கல், 4 கெல்வினுக்குக் கீழே நியோபியம்-டைட்டானியம் என்று உலோகத்தையும் மாற்றுவார்கள். பின்னது அந்தக் குளிரில் மீக்கடத்தி. மின்சாரத்தைத் தடையில்லாமல் விடும், சூட்டை அவ்வளவாகக் கடத்தாது.

கடைசியில் சிப்பை ஏந்தும் அட்டை. அதிலிருந்து சிப்புக்கு முடியைவிட மெல்லிய, 25 மைக்ரோமீட்டர் அலுமினியக் கம்பி. மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே, பாண்டர் முனையைப் பேடின் மேல் இறக்கி, மீயொலி அதிர்வில் அழுத்தி ஒட்ட வேண்டும். அந்தப் பேடு போய்ச் சேரும் கேட்டுக்கு அடியில் இருக்கும் ஆக்சைடு சில நானோமீட்டர் தடிமன். கையில் தங்கிய நிலைமின்சாரம் ஒரு கணம் பாய்ந்தால் அந்த கேட் செத்துவிடும். அது செத்தது, ஒன்றிரண்டு நாள் குளிரவிட்டு முதல் அளவீடு எடுக்கும்போதுதான் தெரியவரும். பிறகு எல்லாவற்றையும் சூடாக்கித் திறக்க வேண்டும். பத்திருபது கம்பி ஒட்டும்போதே இந்தப் பயம் கையில் இருக்கும். இதையே லட்சக்கணக்கில் செய்வது என்பது பேச்சுக்குக்கூட வராது.

ஃப்ரிட்ஜின் சக்தியும் அளவுக்கு உட்பட்டது. 20 மில்லிகெல்வினில் அது வெளியேற்றக்கூடிய வெப்பம் சில பத்து மைக்ரோவாட். 100 மில்லிகெல்வினில் சில நூறு மைக்ரோவாட். 4 கெல்வின் தட்டில் ஒன்று முதல் இரண்டு வாட் வரை கிடைக்கும். கீழ்த்தட்டின் 20 மைக்ரோவாட்டைப் பத்து லட்சம் க்யூபிட்டுக்குப் பங்கு போட்டால் தலைக்கு 20 பிகோவாட். 4 கெல்வினின் 1.5 வாட்டைப் பங்கு போட்டால் தலைக்கு 1.5 மைக்ரோவாட். கீழே வரும் எல்லாத் திட்டங்களையும் இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

வேர் எங்கே இருக்கிறது

சாதாரண செயலியில் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் இருந்தும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிகள் சில ஆயிரம்தான். ஐபிஎம்மில் இருந்த ஈ. எஃப். ரென்ட் 1960ல் இதற்கு ஒரு விதியைக் கண்டார்: வெளி இணைப்புகள் உள் உறுப்புகளின் எண்ணிக்கையோடு நேராகப் பெருகுவதில்லை, ஒன்றுக்குக் குறைவான ஓர் அடுக்கில்தான் பெருகுகின்றன. இன்றைய க்யூபிட் சிப்புகளில் அந்த அடுக்கு ஏறக்குறைய ஒன்று. க்யூபிட் இரட்டித்தால் கம்பியும் இரட்டிக்கும்.

ஏன் இந்த வேறுபாடு? டிரான்சிஸ்டர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மின்னழுத்தம் போதும். ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறியிருந்தாலும் 0, 1 என்ற இரண்டு நிலைகளுக்கு நடுவே தாராளமான இடைவெளி இருக்கிறது. குவாண்டம் புள்ளியில் சரியாக ஓர் எலக்ட்ரான் வேண்டும். அண்டைப் புள்ளியோடு அதற்குள்ள பிணைப்பும் குறிப்பிட்ட அளவில் நிற்க வேண்டும். ஆக்சைடின் அடியில் எங்கோ சிக்கிக்கொண்ட ஒரு மின்னூட்டம் போதும், பக்கத்துப் புள்ளிக்கு வேண்டிய மின்னழுத்தத்தையே மாற்றிவிடும். அதனால் ஒவ்வொரு கேட்டும் தனக்கென்று ஓர் எண் கேட்கிறது.

கம்பிப் பிரச்சினையின் வேர் கம்பியில் இல்லை, க்யூபிட்டுகள் ஒன்றுபோல் இல்லை என்பதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு க்யூபிட்டுக்கும் உரிய அந்தத் தனி எண்ணை எங்கே வைப்பது என்ற கேள்விக்கான நான்கு விடைகளே இந்த நான்கு வழிகளும்.

முதல் விடை: கம்பியிலேயே வைப்பது

ஒரு கேட்டுக்கு ஒரு கம்பி. டெல்ஃப்ட்டின் 2022 ஆறு-க்யூபிட் செயலி, இன்டெல் 2023 ஜூனில் வெளியிட்ட 12-க்யூபிட் டன்னல் ஃபால்ஸ் சிப் இரண்டும் இந்த வகை. இதைப் பழைய முறை என்று ஒதுக்க மனம் வரவில்லை. ஒரு புள்ளி முரண்டு பிடித்தால் அதை மட்டும் திருத்தலாம். கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதும் சுலபம். சில பத்து க்யூபிட் வரை இதுவே சரி. அந்த அளவில் சாமர்த்தியமான கம்பிச் சிக்கனம் செய்யப் போனால் கோளாறு தேடுவதிலேயே ஆண்டுகள் போய்விடும். ஃப்ரிட்ஜில் பல நூறு கோஆக்சியல் கேபிள் வரை இடம் இருக்கும். அத்தோடு இந்த வழி முடிந்துபோகிறது.

இரண்டாவது விடை: எண்ணே வேண்டாம் என்பது

மெமரி சிப்பைப் போல் படுக்கையாகவும் நெடுக்கையாகவும் கம்பிகளை ஓடவிட்டு, அவை குறுக்கிடும் இடத்தில் க்யூபிட்டை வைப்பது. கிராஸ்பார் என்பார்கள். 2018ல் டெல்ஃப்ட் குழு இதற்கு விரிவான வரைபடம் வெளியிட்டது. ஆயிரம் படுக்கைக் கம்பி, ஆயிரம் நெடுக்கைக் கம்பி, கூடவே மூலைவாட்டில் கொஞ்சம்: பத்து லட்சம் க்யூபிட்டை சில ஆயிரம் கம்பியில் ஆளலாம். காகிதத்தில் இதைவிட அழகான தீர்வு இல்லை.

அதற்கு அது கேட்கும் விலையோ பெரிது. ஒரு கம்பியில் கொடுக்கும் ஒரே மின்னழுத்தம் அந்த வரிசையிலுள்ள ஆயிரம் புள்ளிகளுக்கும் பொருந்த வேண்டும். ஓர் எலக்ட்ரானுக்கும் இரண்டு எலக்ட்ரானுக்கும் நடுவிலுள்ள ஜன்னல் சில பத்து மில்லிவோல்ட் அகலம்தான். ஆயிரம் புள்ளிகளின் வேறுபாடும் அந்த ஜன்னலுக்குள் அடங்க வேண்டும். எலக்ட்ரானை உள்ளே வைப்பதற்கே இவ்வளவு என்றால், அண்டைகளுக்கு இடையிலான பிணைப்பு தடுப்பின் மின்னழுத்தத்துக்கு அடுக்குக்குறி வேகத்தில் மாறக்கூடியது. அங்கே வேண்டிய ஒற்றுமை இன்னும் கடுமை.

இதுவரை நடந்ததில் என்னை மிகவும் கவர்ந்தது டெல்ஃப்ட் குழு ஜெர்மானியத்தில் செய்த 4×4 சிப். பதினாறு புள்ளிகளும் தடுப்புக் கம்பிகளைப் பகிர்ந்துகொள்ள, பதினாறிலும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஹோல்களை (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடம், நேர்மின்னூட்டம்போல் நடந்துகொள்ளும்) நிரப்பிக் காட்டினார்கள். ஜெர்மானியம் தேர்ந்ததில் நியாயம் இருக்கிறது. சிலிக்கானில் எலக்ட்ரானுக்கு பள்ளத்தாக்கு நிலைகள் என்ற, ஒன்றுக்கொன்று நெருங்கிய ஆற்றல் நிலைகளால் கூடுதல் தொல்லை உண்டு. அவற்றுக்கு இடையிலான ஆற்றல் பிளவு, அணுக்கள் எப்படி அமைந்தன என்பதைப் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும். ஜெர்மானியத்தின் ஹோல்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பதினாறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது.

நேரக் கணக்கும் உண்டு. கம்பியைப் பகிர்ந்தால் எல்லா க்யூபிட்டிலும் ஒரே நேரத்தில் வேறு வேறு வேலை செய்ய முடியாது. ஒரு வரிசை இயங்கும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். பிழை திருத்தமோ சிப் முழுக்க ஒரே தாளத்தில் ஓயாமல் அளக்கச் சொல்வது. காத்திருக்கும் க்யூபிட் அதுவரை பிழையைச் சேர்த்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது விடை: பக்கத்திலேயே ஒரு நினைவகத்தில் வைப்பது

கட்டுப்படுத்தும் மின்சுற்றையே குளிருக்குள் கொண்டுபோவது இந்த வழி. இதில் இரண்டு நிலைகள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பேசிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் நிலை 4 கெல்வின் தட்டில் வைப்பது. 2019 டிசம்பரில் இன்டெல் அறிவித்த ஹார்ஸ் ரிட்ஜ் இந்த வகை. டெல்ஃப்ட்டோடு சேர்ந்து செய்த அந்த சிப் 3 கெல்வினில் இருந்தபடி சிலிக்கான் க்யூபிட்டுகளை இயக்கியது. அறை வெப்பநிலைக் கருவிக்கு ஈடான துல்லியம் கிடைத்ததை 2021ல் காட்டினார்கள். உண்மையான சாதனைதான். ஆனால் நெரிசல் 300 கெல்வினிலிருந்து 4 கெல்வினுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. 4 கெல்வினிலிருந்து 20 மில்லிகெல்வினுக்கு முப்பது லட்சம் கம்பி இன்னும் இறங்கியாக வேண்டும். தலைக்கு 1.5 மைக்ரோவாட் என்ற பங்கில் மைக்ரோவேவ் சிக்னல் உண்டாக்குவதும் நடக்கிற காரியமில்லை.

இரண்டாவது நிலை க்யூபிட்டுக்குப் பக்கத்திலேயே வைப்பது. சிட்னி பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் 2021ல் 100 மில்லிகெல்வினில் இயங்கும் ஒரு சிப்பைக் காட்டினார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு சிறு மின்தேக்கி. ஒரே கம்பி ஒவ்வொன்றையும் முறைவைத்துப் போய்ப் பார்த்து, வேண்டிய மின்னழுத்தத்தை ஏற்றிவிட்டு நகர்ந்துவிடும். கணினியின் டிரேம் (DRAM) மெமரியில் நடப்பதும் இதுதான். அங்கே மின்னூட்டம் கசிவதால் 64 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மில்லிகெல்வினில் டிரான்சிஸ்டரின் கசிவு மிகவும் குறைந்துவிடுவதால் ஏற்றியது நெடுநேரம் நிற்கும். 2025ல் சிட்னிக் குழுக்கள் இப்படிப்பட்ட சிப்பை க்யூபிட்டுகளின் அருகிலேயே வைத்து இயக்கி, துல்லியம் குறிப்பிடும்படி கெடவில்லை என்று காட்டினார்கள். பக்கத்தில் டிரான்சிஸ்டர்கள் ஓடினால் க்யூபிட் நிலைகுலையும் என்று பலர் பயந்திருந்த இடம் அது.

இங்கே மறைந்திருக்கும் சிக்கல் மின்தேக்கியின் அளவு. எந்த மின்தேக்கியும் வெப்பத்தால் கொஞ்சம் ஆடும். 1 ஃபெம்டோஃபாரட் மின்தேக்கி 1 கெல்வினில் சுமார் 0.12 மில்லிவோல்ட் ஆடுகிறது. 100 மில்லிகெல்வினுக்குக் குளிர்த்தினால் 0.04 மில்லிவோல்ட்டுக்கு வரும். இன்னும் பத்து மடங்கு குறைக்க மின்தேக்கி நூறு மடங்கு பெரிதாக வேண்டும். பெரிதானால் 100 நானோமீட்டர் இடைவெளிக்குள் அது அடங்காது. க்யூபிட் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அதன் எண்ணை வைத்திருக்கும் பெட்டி சிறியதாக முடியாது.

இதோடு சேர்த்துப் பேச வேண்டியது சூடான க்யூபிட். 2020ல் சிட்னியும் டெல்ஃப்ட்டும் 1 கெல்வினுக்கு மேலேயே ஸ்பின் க்யூபிட் வேலை செய்யும் என்று தனித்தனியே காட்டின. 2024ல் சிட்னிக் குழு அதே வெப்பநிலையில் ஒற்றை க்யூபிட்டுக்கு 99.85, இரு-க்யூபிட் செயல்பாட்டுக்கு 98.92 சதவீதம் வரை போனது. 1 கெல்வினில் குளிர்விக்கும் சக்தி பல மடங்கு கூடுதல் என்பதால் பக்கத்திலுள்ள மின்சுற்றுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. ஸ்பின் சீக்கிரம் தளர்ந்துபோவதும், மேலே கண்டபடி மின்தேக்கியின் ஆட்டம் கூடுவதும் அதற்குக் கொடுக்கும் விலை. இதைத் தனி வழியாக நான் எண்ணவில்லை, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் துணை.

நான்காவது விடை: க்யூபிட்டுகளைத் தள்ளி உட்காரவைப்பது

இடம்தான் பற்றவில்லை என்றால் ஏன் 100 நானோமீட்டரில் நெருக்க வேண்டும்? டெல்ஃப்ட் குழு 2022ல் ஸ்பைடர்வெப் என்ற அமைப்பை முன்வைத்தது. க்யூபிட்டுகளுக்கு நடுவே சுமார் 12 மைக்ரோமீட்டர் விட்டு, அந்த வெற்றிடத்தில் மேலே சொன்ன மின்தேக்கிச் சுற்றுகளை வைப்பது. தனி எண் மின்தேக்கியில் இருப்பதால் மற்ற சிக்னல்களில் பெரும்பாலானவற்றை எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்துவிடலாம். ரென்ட் அடுக்கு 0.43 வரை இறங்குகிறது என்பது அவர்கள் கணக்கு. பத்து லட்சத்தின் 0.43ஆம் அடுக்கு 380. அதை ஒரு மாறிலியால் பெருக்கினாலும் கட்டி மேய்க்கக்கூடிய எண்தான். பரப்பும் 12 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம்தான். இன்றைய சாதாரண சிப்பின் அளவே.

தள்ளி வைத்தால் இரண்டு க்யூபிட் எப்படிச் சந்திப்பது? எலக்ட்ரானை நடத்திக் கொண்டுபோக வேண்டும். இதில் கன்வேயர் முறை எனக்கு மிகவும் பிடித்தது. பாதை நெடுக கேட்டுகளை வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மறுபடி ஒன்று என்று நான்கு சிக்னல்களை மாற்றி மாற்றி இணைப்பது. நான்கும் ஒன்றுக்கொன்று கால் சுற்று பிந்தி ஏறி இறங்கினால், பாதையில் ஒரு குழி உருவாகி அலைபோல் நகரும். எலக்ட்ரான் அந்தக் குழியில் உட்கார்ந்தபடியே பயணம் போகும். பாதை 10 மைக்ரோமீட்டரானாலும் 100 ஆனாலும் சிக்னல் நான்குதான். ஆக்கன், யூலிக் ஆய்வாளர்கள் இதன்மேல் ஸ்பின்பஸ் என்ற முழு அமைப்பையே வரைந்திருக்கிறார்கள். டெல்ஃப்ட்டில் இதே பாணியில் ஸ்பின்னை முன்னும் பின்னுமாக நடத்தி, மொத்தம் 10 மைக்ரோமீட்டர் தூரத்தை 200 நானோசெகண்டுக்குள் 99.5 சதவீதத் துல்லியத்தோடு கடந்தார்கள். 12 மைக்ரோமீட்டர் இடைவெளிக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறில்லை.

ஆபத்து வழியில் இருக்கிறது. நின்ற இடத்தில் நிற்கும் க்யூபிட் தன் இடத்தின் குறையை மட்டும் சந்திக்கும். நடக்கும் எலக்ட்ரானோ பாதையிலுள்ள ஒவ்வொரு குறையையும் சந்திக்கும். சிலிக்கானில் பள்ளத்தாக்குப் பிளவு மிகச் சிறியதாக இருக்கும் ஓர் இடத்தைத் தாண்டும்போது ஸ்பின் தகவலைத் தொலைத்துவிடலாம்.

மைக்ரோவேவைத் தேக்கி அதிரவைக்கும் ரெசனேட்டர் என்ற சுற்று வழியாக ஃபோட்டானைக் கொண்டு இணைப்பதும் உண்டு. டெல்ஃப்ட்டில் 250 மைக்ரோமீட்டர் தள்ளியிருந்த இரண்டு ஸ்பின்களை அப்படிப் பேசவைத்தார்கள். ரெசனேட்டர் சிப்பில் நிறைய இடம் பிடிக்கும். தொகுதிக்குத் தொகுதி இணைக்க அது பயன்படலாம், க்யூபிட்டுக்கு க்யூபிட் இணைக்க அல்ல.

எதை எடுப்பது

சில பத்து க்யூபிட் வரை வேலை செய்யப் போகிறீர்கள், பொருளையும் இயற்பியலையும் புரிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால், நேரடிக் கம்பி. யோசிக்கவே வேண்டாம்.

அதற்கு மேலே என்றால் என் ஓட்டு நான்காவதுக்கு, மூன்றாவதின் மின்தேக்கி நினைவகத்தைத் துணையாக வைத்து. இந்தக் கூட்டணி மட்டும்தான் க்யூபிட்டுகள் ஒன்றுபோல் இருக்காது என்பதை ஒப்புக்கொண்டு தொடங்குகிறது. குறையுள்ள புள்ளிக்குக் குறையோடு சேர்த்து ஓர் எண்ணை எழுதிவைத்துவிடலாம். அதில் தேவைப்படும் ஒவ்வொரு துண்டும் சின்ன அளவிலாவது இயங்கிக் காட்டப்பட்டுவிட்டது: மில்லிகெல்வினில் மின்தேக்கி, பக்கத்தில் க்யூபிட், பத்து மைக்ரோமீட்டர் நடை. அடர்த்தியைக் கைவிடுகிறோமே என்ற வருத்தம் நியாயமானது. ஆனால் 100 நானோமீட்டர் அடர்த்தியில் பத்து லட்சம் க்யூபிட்டைப் பயன்படுத்த வழியில்லை என்றால் அந்த அடர்த்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 12 மில்லிமீட்டர் சிப் பெரிதல்ல.

4 கெல்வின் மின்சுற்றில் மட்டும் முழு நம்பிக்கையையும் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்னும் பல ஆண்டுகள் அது உதவும், ஆனால் முப்பது லட்சத்தைக் குறைக்கும் வேலை அதனுடையதல்ல.

கிராஸ்பார் விஷயத்தில் என் ஓட்டு மாறக்கூடியது. இன்டெல் குழு 2024ல் 300 மில்லிமீட்டர் வேஃபர் முழுவதையும் 1.6 கெல்வினில் வைத்து, தானியங்கியாகப் புள்ளி புள்ளியாக முதல் எலக்ட்ரான் எந்த மின்னழுத்தத்தில் நுழைகிறது என்று அளந்தது. முன்பு ஒரு சிப்புக்கு ஒரு குளிர்ப்பயணம் என்று எடுத்த தகவல் இப்போது வேஃபர் கணக்கில் வருகிறது. பல வேஃபர்களை அப்படி அளந்ததில் முதல் எலக்ட்ரானின் மின்னழுத்தச் சிதறல் இரண்டாவது எலக்ட்ரானுக்கான ஜன்னலைவிடப் பத்து மடங்கு குறுகிவிட்டது என்றும், தடுப்புகளின் பிணைப்பும் அதே ஒற்றுமையோடு இருக்கிறது என்றும் ஒரு குழு காட்டினால், அன்றைக்கே ஸ்பைடர்வெப்பை ஓரமாக வைத்துவிட்டு படுக்கையும் நெடுக்கையுமாகக் கம்பி வரைய உட்கார்ந்துவிடுவேன்.